ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி: ஆர்டர் கொடுக்கும் முன் அறிய வேண்டியவை



நமது அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் நிதிக்கு வழக்கமாக வரும் மனுக்கள் கல்லூரிக் கட்டணம், மருத்துவச் செலவு, சிறுதொழில் ஆகியவற்றுக்கானவை. சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு மனு சற்று வேறுபட்டிருந்தது. குரோம்பேட்டையில் ரயில் பாதைக்கு அருகே, இரண்டாம் மாடியில் சொந்தமாக ஃபிளாட் வைத்திருக்கும் ஒரு சகோதரர், வீட்டின் ஜன்னல்கள் அனைத்தையும் இரட்டைக் கண்ணாடியாக மாற்றக் கடன் கேட்டிருந்தார். எழுபது வயதைக் கடந்த தாயார் இரத்த அழுத்த நோயாளி. ரயில் ஓசையில் இரவில் உறக்கம் இல்லை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மேற்கு வெயிலில் அறை கொதிக்கிறது, மின் கட்டணம் ஏறுகிறது. காரணங்கள் அத்தனையும் நியாயமானவை. இணைத்திருந்த கொட்டேஷனில் தொகை பெரிது.

கமிட்டியில் இரு கருத்து எழுந்தது. இது ஆடம்பரம் என்றார் ஒருவர். தாயாரின் உறக்கம் எப்படி ஆடம்பரமாகும் என்றார் மற்றொருவர். முடிவெடுக்கும் முன் நேரில் பார்த்துவிடுவோம் என்று, ஜமாஅத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனோம். அங்கே கற்றதையும், அதன்பின் விசாரித்து அறிந்ததையும் பாடமாக இங்கே தருகிறோம். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்திலும், 1931 முதல் மின்சார ரயில் ஓடும் தாம்பரம் தடத்தின் ஓரத்திலும், பல்லாவரம், பம்மல், பொழிச்சலூர் பக்கம் விமானப் பாதைக்குக் கீழேயும் வீடு வைத்திருக்கும் பலருக்கு இது உதவும் என்று நம்புகிறோம்.

இரட்டைக் கண்ணாடி என்பது என்ன?

இரண்டு கண்ணாடிகளை நடுவே இடைவெளி விட்டு, ஓரம் முழுவதையும் காற்றுப் புகாமல் அடைத்து ஒரே பலகையாகச் செய்வதுதான் இரட்டைக் கண்ணாடி. கடைக்காரர் 6-12-6 என்று சொன்னால், 6 மில்லிமீட்டர் கண்ணாடி, 12 மில்லிமீட்டர் இடைவெளி, மீண்டும் 6 மில்லிமீட்டர் கண்ணாடி என்று பொருள். இடைவெளியில் உலர்ந்த காற்றோ ஆர்கான் வாயுவோ இருக்கும். ஈரத்தை உறிஞ்சும் மணிகளை ஓரச் சட்டத்தில் நிரப்பியிருப்பார்கள். அடைப்பு விட்டுப்போனால் ஈரக்காற்று உள்ளே புகுந்து, துடைக்க முடியாத பனிமூட்டம் போல் படியும். அதன்பின் அந்தப் பலகையையே மாற்ற வேண்டும்.

இது குளிர்நாடுகளில் வளர்ந்த வழக்கம். வீட்டுக்குள் காசு கொடுத்து உண்டாக்கிய வெப்பம் வெளியே ஓடாமல் தடுப்பது அங்கே அதன் முதல் வேலை. இங்கிலாந்தில் 2002 ஏப்ரல் முதல், பழைய ஜன்னலை மாற்றுவதே கட்டட விதிகளின் கீழ் வந்துவிட்டது. வேலை விதிப்படி நடந்ததற்குச் சான்று வாங்கி வைக்க வேண்டும், வீட்டை விற்கும்போது அதைக் கேட்பார்கள். அங்கே இருக்கும் உறவினர் "நீங்களும் போடுங்கள்" என்று சொல்வது அந்த அனுபவத்தில்தான். குளிர் நமக்குப் பிரச்சினை இல்லை. வெயிலும் ஓசையும் தூசியும்தான் நம் பிரச்சினை. இந்த மூன்றில் எதற்காக வாங்குகிறோம் என்று தெளிவாகத் தெரிந்தால்தான் காசு வீணாகாது.

வெயில் கணக்கு

கண்ணாடி வழியே வெப்பம் இரண்டு வகையில் உள்ளே வருகிறது. வெளிக்காற்றின் சூடு கண்ணாடியைத் தாண்டி மெல்லக் கடத்தப்படுவது ஒன்று. சூரிய ஒளி நேராகப் பாய்ந்து தரையிலும் கட்டிலிலும் விழுந்து சூடாவது இன்னொன்று. முதலாவதை இரட்டைக் கண்ணாடி ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. இரண்டாவதை, கண்ணாடி சாதாரண வெள்ளைக் கண்ணாடியாக இருந்தால், சிறிதளவே குறைக்கிறது.

20 சதுர அடி ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியே 38 டிகிரி, ஏ.சி. போட்ட அறைக்குள் 26 டிகிரி. ஒற்றைக் கண்ணாடி வழியே கடத்தப்படும் வெப்பம் சுமார் 127 வாட். இரட்டைக் கண்ணாடியில் அது சுமார் 62 வாட். மிச்சம் 65 வாட், அதாவது பழைய குண்டு பல்பு ஒன்றின் வெப்பம். ஏ.சி. 8 மணி நேரம் ஓடினாலும் இதனால் மிச்சமாகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு ஒன்றரை ரூபாயைத் தாண்டாது.

அதே ஜன்னலில் மாலை நான்கு மணிக்கு மேற்கு வெயில் நேரே விழுகிறது. சதுர மீட்டருக்கு 600 வாட் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கண்ணாடி வழியே 900 வாட்டுக்கு மேல் உள்ளே வருகிறது. சாதாரண இரட்டைக் கண்ணாடி போட்டாலும் 800 வாட் வருகிறது. வெயில் சுள்ளென்று விழும் ஜன்னலுக்கு வெறும் இரட்டைக் கண்ணாடி போட்டால், செலவு மட்டும்தான் இரட்டிப்பாகும்.

வெயிலை ஜன்னலுக்கு வெளியிலேயே தடுப்பதுதான் வழி. சன்ஷேடு, மடக்குத் தட்டி, மூங்கில் தட்டி, செடிக்கொடி எதுவானாலும் சரி. உள்ளே தொங்கும் திரைச்சீலை ஒளியைத் தடுத்தாலும், கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பம் பெரும்பாலும் அறையிலேயே தங்கிவிடும். எந்தப் பக்கத்து ஜன்னல் என்பதையும் பார்க்க வேண்டும். சென்னையில் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டு நடுப்பகுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட காலத்தில் சற்று வடக்கே சாய்கிறது. ஆகவே தெற்கு ஜன்னலுக்குக் கோடையில் ஒரு சாதாரண சன்ஷேடே போதும். தாழ்ந்து வரும் மேற்கு வெயிலை சன்ஷேடு தடுக்காது, நெடுக்காகத் தொங்கும் தட்டி வேண்டும்.

வெளியே தட்டி கட்ட வழியில்லாத இடத்தில் வெயில் தடுப்புப் பூச்சுள்ள கண்ணாடி உண்டு. அதை வாங்கும்போது எஸ்.எச்.ஜி.சி. எவ்வளவு என்று கேளுங்கள். 0.8 என்றால் விழும் வெயில் வெப்பத்தில் நூற்றுக்கு 80 பங்கு உள்ளே வரும், 0.3 என்றால் 30 பங்கு வரும். இந்த எண்ணைச் சொல்லத் தெரியாமல் "இது ஹீட் குறைக்கும் சார்" என்று மட்டும் சொல்பவரிடம் அவசரப்பட்டு முன்பணம் கொடுக்காதீர்கள்.

கடைசி மாடியில் இருப்பவர்கள் ஜன்னலுக்கு முன் மேலே பார்க்க வேண்டும். நாள் முழுவதும் வெயில் வாங்கும் மொட்டைமாடிதான் அவர்கள் வீட்டுக்குள் பெருமளவு வெப்பத்தை இறக்குகிறது. தளத்துக்கு வெள்ளைத் தட்டோடோ வெப்பம் திருப்பும் வெள்ளைப் பூச்சோ போட்டுவிட்டு, அதன்பின் ஜன்னலைப் பற்றி யோசிக்கலாம்.

ஓசைக் கணக்கு

மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் வரம்பு. வணிகப் பகுதியில் 65, 55. படுக்கையறைக்குள் தொடர் ஓசை 30 டெசிபலுக்குள் இருப்பது நல்லுறக்கத்துக்கு ஏற்றது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. டெசிபல் என்பது கூட்டிக் கழிக்கும் சாதாரண எண் அல்ல. 10 டெசிபல் குறைந்தால் காதுக்கு ஓசை பாதியானதாகத் தோன்றும். 2, 3 டெசிபல் குறைந்தால் பெரும்பாலோருக்கு வேறுபாடே தெரியாது.

இனி கண்ணாடியின் கணக்கு. நன்றாக அடைத்துப் பொருத்திய 6 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி சுமார் 31 டெசிபல் தடுக்கிறது. அதே அளவில் 6-12-6 இரட்டைக் கண்ணாடி சுமார் 33 தடுக்கிறது. வேறுபாடு இரண்டே டெசிபல். எங்களுக்கும் முதலில் நம்பக் கடினமாகத்தான் இருந்தது. 12 மில்லிமீட்டர் இடைவெளி, ரயில், லாரி எழுப்பும் கனத்த ஓசைக்கு மிகச் சிறிது என்பதே காரணம்.

அப்படியானால் இரட்டைக் கண்ணாடி போட்டவர்கள் ஓசை குறைந்தது என்று சொல்வது பொய்யா? பொய் இல்லை. பழைய ஜன்னலின் இடுக்குகள் புதிய ஜன்னலில் இல்லை, அதனால்தான் குறைந்தது. ஜன்னல் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறப்பாக இருந்தால் போதும். மீதி 99 பங்குக்கு எத்தனை விலையுயர்ந்த கண்ணாடி போட்டாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி மூடி போட்டது போலத்தான்.

ஓசைக்கு நல்ல பலன் தருவது இரண்டு தனித்தனி ஜன்னல்கள். நம் வீடுகளின் 9 அங்குலச் சுவரில் வெளிப்புறம் திறக்கும் மரக்கதவு, நடுவே கிரில், உட்புறம் காலியிடம் இருக்கும். அந்த உட்புறத்தில், வெளிக்கதவிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி இன்னொரு ஜன்னல் பொருத்தினால், இரண்டும் சேர்ந்து 40 டெசிபல் அளவுக்குத் தடுக்க முடியும். உள் ஜன்னலுக்கு லேமினேட்டட் கண்ணாடி நல்லது. இரு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பதால் அது அதிர்வை விழுங்கும், உடைந்தாலும் சிதறாது. உள்ளும் வெளியும் ஒரே தடிமனில் இல்லாமல் வேறுபட்ட தடிமனில் இருப்பது மேலும் நல்லது.

நகரும் ஸ்லைடிங் ஜன்னலைவிட, கீல் வைத்துத் திறந்து, மூடும்போது ரப்பர் கேஸ்கெட்டை அழுத்தி மூடும் ஜன்னலே ஓசைக்குச் சிறந்தது. ஸ்லைடிங்கில் கதவு ஓட வேண்டும் என்பதற்காக இடைவெளி விட்டே ஆக வேண்டும். அங்கே இருக்கும் பிரஷ் தூசியைக் கொஞ்சம் தடுக்கும், ஓசையை அவ்வளவாகத் தடுக்காது. ஒன்றை மனதில் வையுங்கள்: தரை வழியாக வரும் ரயில் அதிர்வை எந்தக் கண்ணாடியும் நிறுத்தாது.

வீட்டிலேயே செய்து பார்க்கும் சோதனை

கொட்டேஷன் வாங்கும் முன் செலவில்லாத மூன்று சோதனைகள்:

ஒன்று. இரவில் அறை விளக்கை அணைத்து, மூடிய ஜன்னலின் ஓரமெல்லாம் பால்கனியிலிருந்து ஒருவர் டார்ச் அடிக்கட்டும். உள்ளே வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் ஓசையும் தூசியும் வரும் வழி.

இரண்டு. ஈரத் துண்டுகளை முறுக்கி அந்த இடுக்குகளில் அழுத்தி வைத்து, ரயிலோ லாரியோ போகும்வரை காத்திருந்து கேளுங்கள். ஓசை நன்றாகக் குறைந்தால் உங்களுக்குத் தேவை ரப்பர் பட்டையும் ஆசாரியின் ஒருநாள் வேலையும்தான். குறையாவிட்டால் கண்ணாடியைப் பற்றி யோசிக்கலாம்.

மூன்று. ஜன்னலை விட்டுவிட்டு அறையைச் சுற்றிப் பாருங்கள். லிண்டலுக்கு மேல் வென்டிலேட்டர், ஏ.சி. குழாய்க்குத் துளைத்த ஓட்டை, பால்கனிக் கதவின் அடி இடுக்கு எல்லாம் திறந்தே இருக்கும். கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலி துல்லியமானதல்ல. ஆனாலும் ஒரே இடத்தில், ஒரே கைப்பேசியில், முன்னும் பின்னும் அளந்து ஒப்பிட அது போதும்.

மூடக்கூடாத திறப்புகள்

அந்தச் சகோதரரின் வீட்டில் எங்களைத் திடுக்கிட வைத்த இடம் இதுதான். கொட்டேஷனில் ஒன்பது ஜன்னல்கள் என்று இருந்தது. எண்ணிப் பார்த்தால் வீட்டில் ஜன்னல் ஏழுதான். மீதி இரண்டு, சமையலறை வென்டிலேட்டரும் குளியலறை வென்டிலேட்டரும். இரண்டையும் திறக்க முடியாத கண்ணாடியால் நிரந்தரமாக மூடுவதாக எழுதியிருந்தது. அந்தக் குளியலறைக்குள் இருந்தது கேஸ் கீஸர்.

கேஸ் கீஸர் எரியக் காற்று வேண்டும். காற்றுப் போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, கதவைத் திறக்க எழ முடியாமலே உயிர் போய்விடும். அந்த மகள் தினமும் காலையில் குளிப்பது அந்த அறையில்தான். விலை குறித்துக் கொடுத்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நாங்கள் சொல்லவில்லை. அவர் சதுர அடியை அளந்தார், அறைக்குள் என்ன எரிகிறது என்று பார்க்கவில்லை. அதைப் பார்ப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. கேஸ் கீஸர் உள்ள வீட்டார் அதைக் காற்றோட்டமான வெளியிடத்துக்கு மாற்றுங்கள். மாற்றும் வரை கதவை மூடிக்கொண்டு அதை ஓட விடாதீர்கள்.

ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக் காற்றையே சுற்றவிட்டுக் குளிர்விக்கிறது. இடுக்கில்லாமல் அடைத்த அறையில் நான்கு பேர் படுத்தால் காலையில் தலை கனப்பது அதனால்தான். நம்முடையது ஈரமும் வெப்பமும் சேர்ந்த ஊர். இப்படிப்பட்ட ஊரில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது கட்டடக் கலையில் பழகிய அளவு. மத்திய எரிசக்தித் துறையின் எரிசக்திச் சிக்கன வாரியம் 2018இல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதாவும் 16.66 விழுக்காடு என்று அதையே சொல்கிறது. அந்தத் தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்காக எழுதப்பட்டது. சிறிய வீட்டுக்கும் அதன் அளவு நல்ல வழிகாட்டி. 10-க்கு 12 அறை என்றால் 120 சதுர அடி, திறக்கும் ஜன்னல் 20 சதுர அடி வேண்டும். இங்கேதான் ஸ்லைடிங் ஜன்னலில் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு கதவு ஸ்லைடிங்கில் எப்போதும் ஒரு பாதிதான் திறக்கும். 20 சதுர அடி ஜன்னல் வாங்கினாலும் காற்று வருவது 10 சதுர அடியில்தான்.

இன்னொன்றும் உண்டு. தீ விபத்து நேர்ந்தால் வெளியேற வழி வேண்டும். கிரில், அதற்குள் திறக்காத கண்ணாடி என்று எல்லா ஜன்னலையும் பூட்டிவிடாதீர்கள். ஒரு ஜன்னலிலாவது திறக்கும் கிரில் இருக்கட்டும். சாவி எங்கே என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

விதிகளும் அண்டை வீட்டாரும்

இருக்கும் ஜன்னலை அதே இடத்தில், அதே அளவில் மாற்றுவது பழுதுபார்ப்பு. சுவரை இடித்துப் புதிதாகத் திறப்பது, பால்கனியைக் கண்ணாடி போட்டு அறையாக்குவது, ஜன்னலைச் சுவருக்கு வெளியே நீட்டுவது ஆகியவை வேறு வகை. இவற்றுக்குத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 பொருந்தும். 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபின் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் முதலிய ஊர்களுக்கெல்லாம் அலுவலகம் அதுவே. சுவரில் கை வைக்கும் முன் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடியில் வெளிச்சுவரும் கட்டடத்தின் முகப்பும் எல்லோருக்கும் பொது. நம் ஃபிளாட்டின் ஜன்னல்தானே என்று வெளித்தோற்றத்தை மாற்றவோ தட்டி கட்டவோ முடியாது. சங்கத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். உட்புறம் பொருத்தும் இரண்டாவது ஜன்னலுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது.

தனி வீட்டுக்காரர்கள் எல்லையைப் பார்க்க வேண்டும். வெளியே திறக்கும் கதவு பக்கத்து மனையின் மேல் நீளக்கூடாது. அவர்கள் வீட்டுப் பெண்கள் புழங்கும் இடத்தை நோக்கிப் புதிய ஜன்னல் வைப்பதும் முறையல்ல. அண்டை வீட்டாரின் உரிமை நமக்கு எவ்வளவு வலியுறுத்தப்பட்டது என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 15ஆம் பிரிவின்படி, ஒரு கட்டடத்துக்கு 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையாக வந்துகொண்டிருந்த வெளிச்சமும் காற்றும் சட்ட உரிமையாகிவிடும். நாம் எழுப்பும் சுவர் அவர்களுடைய ஜன்னலை அடைத்தால் கேள்வி வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

விமான நிலையம் அருகே வீடு வாங்குவோருக்கு ஒரு செய்தி. கட்டட உயரத்துக்காக இந்திய விமான நிலைய ஆணையம் தரும் தடையின்மைச் சான்றில், விமான ஓசை, அதிர்வு பற்றிப் புகார் செய்வதோ இழப்பீடு கேட்பதோ இல்லை என்ற நிபந்தனை இருக்கும். பத்திரம் முடிக்கும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒரு முழு இரவு அந்த வீட்டில் தங்கிப் பார்ப்பது அதைவிட நல்லது.

ஓசையைப் பற்றிப் பேசும்போது நம்மையும் பார்க்க வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கு அதே 2000ஆம் ஆண்டு விதிகள் தடை விதிக்கின்றன. நம் வீட்டுத் திருமணத்தின் ஒலிபெருக்கி, பக்கத்துத் தெருவில் நோயாளி படுத்திருக்கும் அறையின் ஜன்னலைத்தான் தட்டுகிறது.

ஆர்டர் கொடுக்கும்போது

கொட்டேஷனில் "டபுள் கிளாஸ் விண்டோ" என்ற மூன்று சொல் போதாது. கண்ணாடியின் தடிமன், இடைவெளி, பூச்சு, எஸ்.எச்.ஜி.சி., சட்டம் யு.பி.வி.சி.யா அலுமினியமா, எத்தனை கதவு திறக்கும், கொசுவலை உண்டா, கேஸ்கெட் எந்த வகை, சுவருக்கும் சட்டத்துக்கும் இடையிலான சந்தை எதனால் அடைப்பார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். சாதாரண அலுமினியச் சட்டம் வெப்பத்தை எளிதாகக் கடத்தும் என்பதை மறக்க வேண்டாம். பனிமூட்டம் படிந்தால் எத்தனை ஆண்டு வரை இலவசமாக மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். பொருத்தும் கூலியும் வரியும் தொகைக்குள் அடக்கமா என்று கேளுங்கள்.

டஃபண்டு கண்ணாடியானால் ஐ.எஸ். 2553 எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். தரைவரை இறங்கும் கண்ணாடி, குழந்தைகள் ஓடி மோதக்கூடிய கண்ணாடி, குளியலறைக் கண்ணாடி ஆகியவை கட்டாயம் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். மேல்மாடிக்காரர்கள் காற்றையும் கணக்கில் எடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் என்ன செய்தது என்று நாம் அறிவோம். ஐ.எஸ். 875 சென்னைக்கு வகுத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். பெரிய ஜன்னலின் கண்ணாடித் தடிமனும் சட்டத்துக்குள் வைக்கும் இரும்பும் அதைத் தாங்க வேண்டும்.

இறுதியில் நடந்தது

அந்தச் சகோதரரோடு உட்கார்ந்து, எந்த அறை, எந்தக் குறை என்று ஒவ்வொன்றாக எழுதினோம். ஓசையில் உறக்கம் கெடுவது ஒரே அறையில், தாயாரின் அறையில். வெயில் விழுவதும் அதே மேற்கு ஜன்னலில். மகள் படிக்கும் அறை கிழக்கே இருக்கிறது. அங்கே பால்கனிக் கதவின் அடி இடுக்குதான் குற்றவாளி.

தாயாரின் மேற்கு ஜன்னலின் பழைய மரக்கதவுகளைச் சீவிச் சரிசெய்து ரப்பர் பட்டை ஒட்டினார்கள். உட்புறம் லேமினேட்டட் கண்ணாடியில், கீல் வைத்த இரண்டாவது ஜன்னல் பொருத்தினார்கள். அதன் மேலிருந்த வென்டிலேட்டருக்கும் அதே கண்ணாடி. சங்கத்தின் ஒப்புதலோடு வெளியே தட்டி. அந்த அறையின் வடக்கு ஜன்னல், ரயில் பாதையை நேரே பார்க்காதது, காற்றுக்காக அப்படியே விடப்பட்டது. மகள் அறைக் கதவுக்கு அடிப்பட்டை. கேஸ் கீஸர் வெளிப்பக்கப் பால்கனிக்கு மாறியது. குளியலறை, சமையலறை வென்டிலேட்டர்கள் திறந்தே இருக்கின்றன. மொத்தச் செலவு முதல் கொட்டேஷனில் ஐந்தில் ஒரு பங்கை எட்டவில்லை. கேட்டதில் அந்த அளவுக்கே அவர் கடன் எடுத்தார். மீதித் தொகை நிதியிலேயே இருந்து, கல்லூரிக் கட்டணத்துக்குக் காத்திருந்த மனுக்களுக்குப் பயன்பட்டது.

பின்னர் ஒருநாள் அந்தத் தாயாரை நலம் விசாரித்தோம். ரயில் ஓசை அடியோடு நின்றுவிடவில்லை என்றார். தூரத்தில் போவது போலக் கேட்கிறதாம், இரவில் விழிப்பு வருவதில்லையாம். "எல்லாத்தையும் அடைச்சிருந்தா ஃபஜ்ர் பாங்கும் கேட்காமப் போயிருக்கும் தம்பி. வடக்கு ஜன்னல விட்டது நல்லதாப் போச்சு" என்றார்.

ஜன்னல் மாற்ற நினைக்கும் சகோதரர்கள் முன்பணம் கொடுக்கும் முன் கொட்டேஷனோடு அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். எந்த அறை, எந்தக் குறை என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்துவிடும். வீண்விரயம் இல்லாமல் நம் இல்லங்களில் நிம்மதியான உறக்கத்தை அல்லாஹ் நல்கட்டும். ஆமீன்.